சென்டர் ஃபார்வர்டு பதில்கள்

போன இதழில் ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது ‘ஜர்னிமேன் ஸ்ட்ரைக்கர்’ என்று போகிற போக்கில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள். ஆசிரியர் ஒரு கட்டாகக் கட்டி ஆம்பூருக்கே அனுப்பிவிட்டார். பிரியாணி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

‘ஜர்னிமேன்’ என்றால் ஊர் ஊராகப் பயணம் போகிறவன் என்றுதானே பொருள்? தமிழில் நாடோடி என்று எழுதிவிட்டுப் போகலாமே?
(ஒரு தமிழாசிரியர், சத்துவாச்சாரி)

நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஐயா. அந்தச் சொல்லில் இருப்பது பயணம் இல்லை, நாள். பிரெஞ்சில் ‘ஜூர்னே’ என்றால் ஒரு பகல், ஒரு பகல் வேலை. தொழிலை முழுசாகக் கற்று முடித்தவன், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாதவன், நாள் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு அடுத்தவர் பட்டறையில் வேலை செய்கிறவன்தான் ஜர்னிமேன்.

ஆம்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டரைப் பாருங்கள். தோலை மேஜையில் விரித்து ஒரு தடவு தடவுவார். எங்கே தழும்பு, எங்கே உண்ணி கடித்த புள்ளி, எந்தப் பக்கம் இழுத்தால் நீளும் என்று விரலே சொல்லிவிடும். அப்படிப்பட்டவர் இந்த வருஷம் ஒரு கம்பெனி, அடுத்த வருஷம் பேரணாம்பட்டில் வேறொன்று, அதற்கப்புறம் ராணிப்பேட்டை. ஆர்டர் எங்கே இருக்கிறதோ அங்கே அவர். அவரை நாடோடி என்று சொன்னால் சண்டைக்கு வருவார். அரைகுறை என்று சொன்னால் கத்தியோடு வருவார்.

இங்கிலாந்தில் பிரீமியர் லீகில் 20 கிளப், அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. இந்தப் படிகளில் ஏறியும் இறங்கியும், 15, 20 வருஷம் கோல் போட்டே சாப்பிடுகிற முன்வரிசைக்காரர்தான் நான் சொன்ன ஆள். ‘நாள்கூலி ஃபார்வர்டு’ என்று எழுதுங்கள், எனக்குச் சம்மதம்.

இங்கிலாந்து ஆட்டத்தை நேரில் பார்த்திருக்கிறீர்களா, எல்லாம் டி.வி. தயவுதானா?
(ஒரு கல்லூரி மாணவர், காட்பாடி)

ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், தம்பி. 1996 ஜனவரி. எங்கள் கம்பெனி சாம்பிள் ஷூக்களோடு என்னையும் இன்னொருவரையும் நார்தாம்ப்டனுக்கு அனுப்பியது. அது நம் ஆம்பூர் மாதிரி, தலைமுறை தலைமுறையாக ஷூ தைத்த ஊர். தோல் வெட்டும் பிரிவுக்கு இங்கேயும் கிளிக்கிங், அங்கேயும் கிளிக்கிங். அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிக் குளிர் போய்விட்டது.

ஊர் கிளப்பான நார்தாம்ப்டன் டவுனுக்குச் செல்லப் பெயரே ‘காப்ளர்ஸ்’. செருப்புத் தைப்பவர்கள்! சேணம் தைத்த ஊரான வால்சால் அணிக்கு ‘சாட்லர்ஸ்’. தோல் கையுறை செய்த யோவில் அணிக்கு ‘கிளவர்ஸ்’. இங்கே தோல் வேலை என்றாலே முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே ஏழாயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானத்தில் ‘நாங்கள் செருப்புத் தைப்பவர்கள்’ என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். கொஞ்ச நேரம் நான் பந்தையே பார்க்கவில்லை.

அப்புறம் பார்த்தேன். எதிரணியில் ஒரு சென்டர் ஃபார்வர்டு. வயது 33, 34 இருக்கும், முன்தலையில் முடி போய்விட்டது. மைதானத்தில் விற்ற ஆட்டப் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே ஏழு கிளப்புகள் அச்சடித்திருந்தன. என் ரேஷன் கார்டில்கூட அத்தனை திருத்தம் கிடையாது. மனிதர் ஓடவே இல்லை. பந்து மேலே வரும்போது மட்டும் டிபென்டருக்கு அரை நொடி முன்னால் குதித்துவிடுவார். குதித்த பிறகு உயரமான டிபென்டர் என்ன செய்ய முடியும், அவர் முதுகின்மேல் ஏறினால் ஃபவுல். பந்து தரையில் வந்தால் பின்பக்கத்தை டிபென்டர் தொடையில் சாய்த்து நிற்பார், ஆட்டுக்குட்டியை மறைத்து நிற்கிற தாய் ஆடு போல. அன்று அவர் கோல் போடவில்லை. ஆனால் அவர் அணி போட்ட ஒரே கோல், அவர் தலையால் தட்டிக்கொடுத்த பந்தில் வந்தது.

ஆட்டம் முடிந்து நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். யாரும் கையெழுத்து கேட்கவில்லை. சுளீரென்று குளிர்காற்று. நான் கேட்டிருக்கலாம். சாம்பிள் பெட்டி இரண்டு கையிலும் இருந்தது.

என் மகனுக்கு 16 வயது. சென்னையில் ஒரு கால்பந்துப் பயிற்சி மையத்தில் இரண்டு வருஷம் இருந்தான். ‘வேகம் போதாது’ என்று போன மாதம் அனுப்பிவிட்டார்கள். அறையை விட்டே வெளியே வருவதில்லை. ஏதாவது எழுதுங்கள்.
(ஒரு தாய், குடியாத்தம்)

சகோதரி, உங்கள் மகனிடம் ரிக்கி லாம்பர்ட் என்ற பெயரைச் சொல்லுங்கள். ஆறுதல் கதையாக இல்லாமல் வேலைக் குறிப்பாக அவன் கேட்கட்டும்.

1982-ல் பிறந்தவர், லிவர்பூல் பக்கத்தில் கெர்க்பி என்கிற ஊர். சின்ன வயதிலேயே லிவர்பூல் கிளப்பின் பயிற்சியில் சேர்ந்தவர். 15 வயதில் அனுப்பிவிட்டார்கள். அடுத்து பிளாக்பூல் கிளப். அங்கேயும் ஒன்றிரண்டு வருஷத்தில் கதவு சாத்தியாகிவிட்டது. கிளப் இல்லாத அந்தக் காலத்தில் லாம்பர்ட் ஒரு பீட்ரூட் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். பீட்ரூட்டை வினிகரில் ஊறப்போட்டு பாட்டிலில் அடைத்து விற்பார்கள், நம் ஊறுகாய் மாதிரி. அந்த பாட்டில்களுக்கு மூடி திருகுகிற வேலை. ஒரு நாளைக்கு 20 பவுண்டு. அதோடு மேக்கிள்ஸ்பீல்டு என்கிற சின்ன கிளப்பில் சம்பளம் இல்லாமல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வேகம் அவருக்கும் கிடையாது, இதைக் கோடு போட்டு மகனுக்குக் காட்டுங்கள். கடைசி வரை கிடையாது. மேக்கிள்ஸ்பீல்டு, ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று கீழ்ப்படிகளிலேயே எட்டு வருஷம். ஸ்டாக்போர்ட்டில் சரியாக ஓடவில்லை. ஆனால் போகிற இடத்திலெல்லாம் ஏதோ ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார் என்பது பின்னால் பார்த்தால் தெரிகிறது. பந்தை நிறுத்திப் பிரித்துக் கொடுப்பது, 25 கஜத்திலிருந்து ஃப்ரீ கிக், முக்கியமாக பெனால்டி.

2008-09 சீசனில் பிரிஸ்டல் ரோவர்ஸுக்காக லீக்கில் மட்டும் 29 கோல். அடுத்த ஆகஸ்டில் சவுத்தாம்ப்டன் ஏறக்குறைய பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அப்போது சவுத்தாம்ப்டன் கடனில் மூழ்கி, 10 புள்ளி வெட்டப்பட்டு, மூன்றாம் படியில் கிடந்த கிளப். போனதும் அங்கிருந்த மேனேஜர் சொன்ன முதல் விஷயம், தொப்பையைக் குறை. குறைத்தார். அந்த வருஷம் எல்லாப் போட்டியும் சேர்த்து 36 கோல். 2011-ல் கிளப் இரண்டாம் படிக்கு ஏறியது, 2012-ல் பிரீமியர் லீகுக்கு ஏறியது. 30 வயதில் முதன்முதலாகப் பெரிய மேடை. முதல் ஆட்டம் நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் சிட்டியோடு, அவர்கள் மைதானத்தில். மாற்று ஆட்டக்காரராக இறங்கி கோல் போட்டார். அந்த சீசனில் 15 கோல். சவுத்தாம்ப்டனுக்காக அவர் அடித்த பெனால்டி 34. உள்ளே போனது 34.

2013 ஆகஸ்ட் 14, வெம்ப்ளி. ஸ்காட்லாந்தோடு ஆட்டம், 2-2. 31 வயதில் இங்கிலாந்து சட்டை போட்டு இறங்கினார். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஒரு கார்னர் வந்தது. அந்தச் சட்டையில் அவர் பந்தைத் தொட்ட முதல் தொடுதல், தலையால், கோல். 3-2.

சகோதரி, இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். 2014-ல் அவரை 15 வயதில் அனுப்பிய அதே லிவர்பூல் 40 லட்சம் பவுண்டுக்குத் திரும்ப வாங்கியது. அந்த வருஷம் மூன்றே கோல். பெஞ்சில் உட்கார்ந்தே சீசன் போனது. அப்புறம் வெஸ்ட் பிராம், கார்டிப், 2017-ல் ஓய்வு. லிவர்பூலுக்குத் திரும்பியதுதான் அவர் வாழ்க்கையின் சிகரம் என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராச்டேலில் மழையில் ஆடிய செவ்வாய்க்கிழமைகளில்தான் அந்த ஆள் உருவானார்.

உங்கள் மகனை நாளைக்கே பெரிய கிளப் தேடி அழைத்துக்கொண்டு அலைய வேண்டாம். குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆறு பக்கம் ஞாயிற்றுக்கிழமை பையன்கள் ஆடுவார்கள்தானே, அங்கே போகச் சொல்லுங்கள். கூடவே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையும் கையில் கொடுங்கள். வேகம் இல்லையென்றால் அரை நொடி முன்னால் குதிக்கக் கற்க வேண்டும். அதைத் தனியாக அறையில் உட்கார்ந்து கற்க முடியாது. முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஜேமி வார்டியை விட்டுவிட்டீர்களே?
(ஒரு வாசகர், வாணியம்பாடி)

வேண்டுமென்றேதான் விட்டேன், பாய். வாரம் 30 பவுண்டுக்கு ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் ஆடியவர், 2012-ல் லெஸ்டருக்குப் போனவர், 2016-ல் பிரீமியர் லீக் சாம்பியன். ஊரே சொல்கிற கதை. லாட்டரியில் முதல் பரிசு விழுந்தவரை வைத்து லாட்டரிக் கடைக்காரர் விளம்பரம் செய்யலாம். நான் டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு எழுதுகிறேன்.

நன்றாக கோல் போடுகிற ஆளை கிளப்புகள் ஏன் இப்படி விற்றுக்கொண்டே இருக்கின்றன? நன்றி கிடையாதா?
(ஒரு வியாபாரி, வாலாஜாபேட்டை)

நீங்கள் பட்டுச் சேலை விற்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல சேலையை நன்றிக்காகக் கடையிலேயே வைத்திருப்பீர்களா?

சின்ன கிளப்புக்கு டிக்கெட் வருமானம் சம்பளத்துக்கே இழுபறி. ஒரு ஃபார்வர்டு 20 கோல் போட்டால் அவர்தான் அந்தக் கிளப்பின் சேமிப்பு. மேலே இருக்கிறவன் காசோடு வந்து நிற்பான். விற்ற காசில் கூரை ஒழுகலை அடைப்பார்கள். 5 கோல் போட்டாலோ வேறு விதம். அங்கே ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ல் முடியும். மே மாதம் ஒவ்வொரு கிளப்பும் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று பட்டியல் வெளியிடும். பெயர் இல்லையென்றால் ஜூலை 1 முதல் வேலை இல்லாத ஆள். நடுவில் லோன் என்று ஒன்று இருக்கிறது. ஆளை வேறு கிளப்புக்கு இரவல் கொடுப்பது. மூன்று மாதம் ஓர் ஊர், வாடகை அறை, குடும்பம் வேறு ஊர்.

அதிலும் ஃபார்வர்டுக்கு ஒரு சாபம் உண்டு. டிபென்டரின் வேலை நன்றாக இருந்ததா என்பதை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லலாம். ஃபார்வர்டின் வேலை எண்ணிக்கையில் வந்துவிடுகிறது. பீஸ் ரேட்டில் ஷூ அப்பர் தைக்கிற பெண்களுக்கு இது புரியும். சாயங்காலம் சூப்பர்வைசர் நோட்டில் இருப்பது ஒரே ஓர் எண்தான், அன்று ஊசி எத்தனை தடவை உடைந்தது என்று அதில் இருக்காது.

ஒரு காலத்தில் இன்னும் மோசம். 1961 வரை இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று உச்சவரம்பே இருந்தது. ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக மிரட்டித்தான் அது போனது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆளைப் பிடித்துவைக்கிற வழக்கம் ஐரோப்பாவில் ஒழிந்தது 1995-ல், போஸ்மான் என்ற பெல்ஜிய ஆட்டக்காரர் வழக்குப் போட்டு ஜெயித்த பிறகு. அவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் கோடிகள் சம்பாதித்தார்கள்.

எனக்கும் இதில் ஓர் அனுபவம். வடஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலம், 1978. ஒரு கம்பெனி தன் அணியில் ஆடினால் நிரந்தர வேலை என்றது. பெயர் வேண்டாம், இப்போது அந்த கேட்டே இல்லை. இரண்டு சீசன் ஆடினேன். வேலூர் கோட்டை மைதானத்தில் ஓர் அரையிறுதியில் முழங்கால் திருகிக்கொண்டது. மூன்று வாரம் கழித்து நொண்டிக்கொண்டே போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. என் பூட்ஸை மட்டும் தினத்தந்தியில் சுற்றி வெளியே கொண்டுவந்து கொடுத்தார். பாவம், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தார்.

இந்தியர் யாராவது அங்கே இப்படி ஆடியிருக்கிறார்களா?
(ஒரு மாணவி, ஆற்காடு)

நம் பைச்சுங் பூட்டியா ஆடியிருக்கிறார். சிக்கிம்காரர், 1999-ல் பரி என்கிற மூன்றாம் படி கிளப்பில் சேர்ந்தார். மான்செஸ்டருக்கு வடக்கே பழைய பஞ்சாலை ஊர். மூன்று சீசனில் லீகில் 37 ஆட்டம், 3 கோல். கணக்கு சின்னதுதான். ஆனால் இங்கே ராஜா மாதிரி இருந்தவர், அங்கே போய் குளிரில், முழங்கால் வலியோடு, பெஞ்சில் உட்கார்ந்து இடத்துக்குப் போராடினார். அந்த 3 கோல்களை நான் சாதாரணமாக எண்ண மாட்டேன். பரி கிளப்பே பணமில்லாமல் 2019-ல் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது தனிச் சோகம்.

சுனில் சேத்ரிக்கு 2009-ல் லண்டனின் கியூ.பி.ஆர். கிளப் ஒப்பந்தம் கொடுத்தது. இந்தியா உலகத் தரவரிசையில் முதல் 70-க்குள் இல்லை என்று வேலை அனுமதி மறுத்துவிட்டார்கள். தப்பு அவர் காலில் இல்லை, நம் நம்பரில்.

இந்திய வம்சாவளி என்று பார்த்தால் மைக்கேல் சோப்ரா. நியூகாசிலில் பிறந்தவர். 2006-ல் நியூகாசில் அணிக்காக, பரம எதிரி சண்டர்லாந்தோடு ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கி, நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் கோல் போட்டார். அப்புறம் கார்டிப், அந்த சண்டர்லாந்தே வாங்கியது, மறுபடி கார்டிப், இப்ஸ்விச், பிளாக்பூல், 2014-ல் கொச்சிக்கு வந்து கேரளா பிளாஸ்டர்ஸ். நாள்கூலி ஃபார்வர்டின் பஸ் ரூட் கொச்சி வரை நீண்டுவிட்டது பாருங்கள்.

வயதான பிறகு கீழ்ப்படிக்கு இறங்கி ஆடுவது கௌரவக் குறைவு இல்லையா?
(ஓய்வு பெற்ற அதிகாரி, வேலூர்)

ஜேமி க்யூரட்டன் என்று ஒருவர். 2006-07 சீசனில் இரண்டாம் படியில் கோல்செஸ்டருக்காக 23 கோல் போட்டு அந்த லீகுக்கே முதல் ஆள். பிரீமியர் லீகில் போட்டிருக்கிறார். இடையில் கொரியாவுக்குக்கூடப் போய்வந்தார். அப்புறம் ஒவ்வொரு படியாக இறங்கி, நாற்பதைத் தாண்டியும் ஆடி, மேலிருந்து பத்துப் படிகளிலும் கோல் போட்டவர் என்ற பெயரை வாங்கினார். பத்தாவது படியில் பார்க்க வருகிறவர்கள் நம் தெருக் கல்யாணத்துக்கு வருகிறவர்களைவிடக் குறைவு. வலை என்னவோ அங்கேயும் வலைதான், சார்.

உங்களுக்கு மிகவும் பிடித்த ஜர்னிமேன் யார்?
(ஒரு டெய்லர், ஆரணி)

ஸ்டீவ் கிளாரிட்ஜ். காலுறை கணுக்காலில் சரிந்து கிடக்கும், சட்டை வெளியே தொங்கும். உங்கள் கண்ணுக்கு ஆகாது, டெய்லர் அண்ணே. போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர். போர்ன்மவுத், ஆல்டர்ஷாட், கேம்பிரிட்ஜ், லூட்டன், பர்மிங்காம், லெஸ்டர், உல்வ்ஸ், மில்வால், இன்னும் எத்தனையோ. சில ஊருக்கு இரண்டு தடவை.

1996 மே மாதம், நான் ஊர் திரும்பி நாலு மாதம். பிரீமியர் லீகுக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதி, லெஸ்டர் எதிரே கிரிஸ்டல் பேலஸ். 1-1. கூடுதல் நேரத்திலும் கடைசி நிமிஷம். சமனில் முடிந்தால் பெனால்டியில்தான் முடிவு. அதற்கென்றே லெஸ்டர் தன் கோல்கீப்பரை மாற்றி, ஆறடி ஏழு அங்குல உயரக்காரர் ஒருவரை இறக்கிவிட்டது. அப்போது பெனால்டி பெட்டிக்கு வெளியே கிளாரிட்ஜ் காலை வீசினார். பந்து பட்டது பூட்ஸில் அல்ல, முழங்காலுக்குக் கீழே எலும்பில். நேராக மேல் மூலையில் போய் விழுந்தது. உயரக்காரருக்கு வேலையே இல்லை. அடுத்த வருஷம் லீக் கோப்பை இறுதி, ரவனெல்லி, ஜூனின்யோ என்று நட்சத்திரங்கள் எல்லாம் இருந்த மிடில்ஸ்பரோவோடு மறு ஆட்டம். 1-0. போட்டவர் இவர்தான்.

2006 டிசம்பர் 9. தொழில்முறையில் ஆடத் தொடங்கிய அதே போர்ன்மவுத், 40 வயதில் அவரைக் குறுகிய ஒப்பந்தத்தில் கூப்பிட்டது, அவருடைய 1000-வது ஆட்டத்துக்காக. மாலை, மரியாதை, கைதட்டல் எல்லாம் ஆனது. ஆட்டத்தில் போர்ட் வேலிடம் 4-0 என்று தோற்றார்கள்.

நீங்கள் மொத்தம் எத்தனை கோல் போட்டிருக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.
(உங்கள் பழைய கோல்கீப்பர், மேல்விஷாரம்)

நோட்டில் 41 என்று இருக்கிறது, உனக்குத் தெரியும். அதில் 1979 வாலாஜா டோர்னமென்ட் இறுதியில் போட்டது தலையில் படவில்லை. கையில் பட்டது. நடுவர் அப்போது கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீ எதிர்முனையிலிருந்து ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினாய், சொல்ல வாய் வரவில்லை. 40 என்று எழுதிக்கொள்.